ஆர்.எம். நடத்திய பத்திரிகை

இர்ஃபானுக்கு,

புனேக்கு வந்துவிடச் சொல்லி நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நானும் "பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாவது மாடியில் எனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருப்பதாகவும், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்றும் ஃபர்ஹானா சொன்னாள். நல்ல மருமகள். போன வாரம் நீ கொஞ்சம் கோபமாகவே கேட்டாய்: "அந்த வீட்ல தனியா இன்னாதான் உம்மா பண்றீங்க?" போனில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் வரும். எனக்கு எப்போதுமே அப்படித்தான்.

நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பீரோவின் அடித்தட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாய். சணலால் கட்டிய காகிதக் கட்டுகளை வெளியே இழுத்துப் போட்டு, "இத எடைக்குப் போட்டுடவா உம்மா? பழைய கொஸ்டின் பேப்பரா?" என்று கேட்டாய். "அது இருக்கட்டும்" என்றேன். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், நீ கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாய். அந்தக் கட்டுகள் என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை நாலு பேர் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நான் எழுதக் கற்றுக்கொண்ட இடத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவோம், மற்ற எல்லோரும் அதைப் படிப்பார்கள். அதுவே அங்கே வழக்கம்.

பிளஸ் டூ முடித்ததும் என்னை வீட்டோடு வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் நம் தெருவில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கூடப் படித்தவர்களில் ஒருத்தி கல்யாணமாகிக் காயல்பட்டினம் போனாள், இன்னொருத்தி பொன்னேரியில் காலேஜ் சேர்ந்தாள். நான் என் வாப்பாவுக்கு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இறால் வியாபாரம், சென்னைக் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் போக வேண்டும். முன்னறையில் ஒரு பழைய டைப்ரைட்டர் இருந்தது. காலையில் கடிதங்கள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாலை வரை வீட்டில் உம்மா சமைக்கிற சத்தம் தவிர வேறெதுவும் இருக்காது. பேச ஆளில்லாமல் இருப்பது பசி மாதிரி. ஒரு கட்டத்துக்குப் பிறகு வயிறு கேட்பதை நிறுத்திவிடும், ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே போகும்.

கப்பலில் வேலை பார்த்த உன் பெரியமாமா, என் காக்கா, ஒரு தடவை லீவில் வந்தபோது ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் வாங்கியது. பெட்டி மேல் பாய்மரக் கப்பல் படம் போட்டிருந்தது, அதனால் வாங்கினாராம். உள்ளே ஒரு விதிப்புத்தகமும், நாம் பார்த்தேயிராத வடிவங்களில் பகடைகளும் இருந்தன. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம். உனக்கு இந்த ஆட்டம் தெரியும், காலேஜ் ஹாஸ்டலில் நீயே ஆடியிருக்கிறாய். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் இந்தக் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடிப்போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். யாரும் ஜெயிப்பதில்லை, கதை மட்டும் நகரும். புத்தகத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆடுவதற்குத்தான் ஆள் இல்லை. மதியத்தில் நானே கதை நடத்தி நானே ஓடி நானே பகடை உருட்டுவேன். "தாயம் உருட்டுற வயசாடி உனக்கு?" என்று உம்மா சமையலறையிலிருந்து கேட்பார்.

அந்தப் பெட்டிக்குள் யாரோ மறந்து வைத்த ஒரு மெல்லிய பத்திரிகையும் கிடந்தது. அச்சகத்தில் அடித்ததல்ல. டைப் அடித்து, நகலெடுத்து, ஓரத்தில் பின் குத்தியது. அதன் கடைசிப் பக்கத்தில் இங்கிலாந்து முகவரி ஒன்று இருந்தது. எழுதிப் போட்டேன். என் முழுப் பெயரை எழுதத் தைரியமில்லாமல் ஆர்.எம். என்று கையெழுத்திட்டேன்.

பிறகு அந்தப் பத்திரிகையில் எழுதிய மூத்தவர்கள் வழியாக எல்லாம் தெரியவந்தது. முதலில் அமெரிக்காவில் வரைபடம் விரித்துப் போர் ஆட்டம் ஆடிய கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களிடமிருந்துதான் இந்தக் கதையாட்டம் பிறந்தது. முதன்முதலில் வந்த விதிப்புத்தகங்களில் பாதி புரியாது, மீதி ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால் ஆடியவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கேட்க ஆரம்பித்தார்கள். "எங்கள் ஊரில் இப்படி ஆடுகிறோம், நீங்கள்?" என்று கேட்டு எழுதிய கடிதங்களே பத்திரிகையாக மாறின. ஸ்டென்சில் வெட்டி, கையால் சுற்றும் மெஷினில் மை பூசி எடுப்பார்களாம், வீடெல்லாம் மை வாசனை அடிக்குமாம். ஒவ்வொருவரும் தன் சொந்தப் பத்திரிகையை எழுதி நடுவில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புவார். அவர் எல்லாவற்றையும் அடுக்கிப் பின் குத்தி எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். அடுத்த மாதம் எல்லோரும் எல்லோருக்கும் பதில் எழுதுவார்கள். பதிலுக்குப் பதில், அதற்கும் ஒரு பதில். கம்பெனிகள் பளபளவென்று கலர் பத்திரிகை போட ஆரம்பித்த பிறகும் இவர்கள் நிறுத்தவில்லை. கடையில் விற்கிற பத்திரிகை நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே!

என் பக்கங்களுக்கு 'பிராக்கிஷ்' என்று பெயர் வைத்தேன். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்த நம் ஏரித் தண்ணீருக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். நான் டைப் அடித்த ஒரே பிரதியை அனுப்புவேன், இங்கிலாந்தில் தொகுப்பவரே நகலெடுத்துக்கொள்வார். பதிலுக்கு அவர் கேட்டது இந்தியத் தபால்தலைகள் மட்டும். மற்றவர்கள் மலைக்கோட்டைகளையும் பூதங்களையும் எழுதினார்கள். நான் ஒரு ஏரியை எழுதினேன். அதில் தீவுகள் இருக்கும், தண்ணீர் ஏறினால் சில மறைந்துவிடும். கடலுக்குப் போகும் வாய் சில மாதம் மணல் மேடிட்டு மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் படகு வெளியே போக முடியாது, வெளியே இருப்பது உள்ளே வர முடியாது. எனக்கு அது தினசரி விஷயம். அவர்களுக்கு அது பெரிய கற்பனையாகத் தெரிந்தது. எங்கோ பனி பெய்கிற ஊரில் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து என் ஏரியில் படகு ஓட்டினோம் என்று எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பேன். ஆடு ஒன்று நின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பத்திரிகைகளில் ஒரு சுருக்கெழுத்து வழக்கம் இருந்தது. ஒருவர் எழுதியதற்குப் பதில் எழுதச் சோம்பலாக இருந்தால் ஆறு ஆங்கில எழுத்துகளைப் போட்டுவிடுவார்கள். 'படித்தேன், ரசித்தேன், சொல்ல ஒன்றுமில்லை' என்று அர்த்தம். மாதக்கணக்கில் காத்திருந்து கட்டைப் பிரித்து, என் பெயருக்கு எதிரே அந்த ஆறு எழுத்தை மட்டும் பார்த்தால், கட்டை அப்படியே மூடி வைத்துவிடுவேன். நான் அனுப்பும் செய்திக்கெல்லாம் நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாயே, அதைப் பார்க்கும்போது அந்த ஆறு எழுத்துதான் ஞாபகம் வருகிறது. திட்டுவதற்காகச் சொல்லவில்லை. யாராவது உனக்கு நாலு வரி எழுதினால் ஒரு வரியாவது திருப்பி எழுது. "இன்னிக்கு மழை" என்று எழுதினாலும் போதும்.

எங்கள் கூட்டத்தில் இந்தியாவில் இருந்தவர்கள் இரண்டே பேர். நானும், கோலார் தங்கவயலில் டேனியல் என்பவரும். சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்த தமிழர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அவருடைய கதைகள் எல்லாம் பூமிக்கு அடியில் நடக்கும். மற்றவர்கள் பாதாள அறைகளைப் படத்தைப் பார்த்து எழுதினார்கள். இவர் அப்பா சொன்னதைக் கேட்டு எழுதினார். அங்கே எவ்வளவு சூடு, கல் விழுவதற்கு முன்னால் எப்படி ஒரு சத்தம் கேட்கும் என்பதெல்லாம் அவருடைய கதைகளில் வரும். தபாலிலேயே நாங்கள் ஆடிய கதையில், என் ஏரியில் அவருடைய ஆட்கள் ஒரு படகில் இருந்தார்கள். நான் ஏரியின் வாயை மணலால் மூடிவிட்டேன், அவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

ஒருநாள் காலை, முன்னறைக்குப் பின்னால் திரைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு குரல் கேட்டது.

"சார், ஆர்.எம்.னு ஒருத்தரப் பாக்கணும். அட்ரஸ் இதுதான்."

"ஆர்.எம்.மா? அப்படி யாரும் இங்க இல்லியேப்பா," என்றார் வாப்பா. "நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?"

"கே.ஜி.எஃப். சார். நைட்டு ரயில் ஏறி, பொன்னேரியில பஸ் புடிச்சு வர்றேன். என் பேரு டேனியல்."

வாப்பா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். திரையின் ஓரமாகப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும், காதோரம் நரைத்த ஒல்லியான மனிதர், மடியில் துணிப்பை. அதிலிருந்து 'பிராக்கிஷ்' இதழ் ஒன்றை எடுத்து வாப்பாவிடம் நீட்டினார். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பல வருடமாக அந்தப் பெரிய உறைகளைத் தபால் ஆபீஸிலிருந்து எடுத்து வந்து கொடுத்தவர் அவர்தான். தபாலில் ஏதோ கோர்ஸ் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார், அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"இந்த 'கே' எழுத்து மட்டும் மேல குதிச்சு நிக்குது பாருங்க," என்றார் வாப்பா மெதுவாக. "இது எங்க வூட்டு மெஷினு. என் கடுதாசியிலயும் இப்படித்தான் நிக்கும்."

அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பெண்ணைத் தேடி வெளியூர் ஆண் ஒருவர் வாசலேறி வருவது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. அதோடு டைப்ரைட்டருக்கும் தபாலுக்கும் முற்றுப்புள்ளி விழுந்திருக்கலாம். அவசரமாக ஒரு கல்யாணமும் நடந்திருக்கலாம். நான் பேசாமல் உள்ளே போய்விட்டிருந்தால் அவர் அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்பார், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்த மனிதருக்கு 'இல்லை' என்று பதில் போவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

"நான்தான் வாப்பா ஆர்.எம்."

டேனியல் எழுந்து நின்றுவிட்டார். வாப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவர உனக்குத் தெரியுமா?"

"தெரியும் வாப்பா. முகம்தான் தெரியாது."

"எதுக்கு வந்தீங்க?" என்று அவரிடம் திரும்பினார்.

டேனியல் தடுமாறித் தடுமாறி உண்மையைச் சொன்னார். "சார், என் ஆளுங்க ஏரிக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. வாய் மூடிக்கிச்சுனு இவங்க எழுதிட்டாங்க. அடுத்த மாசம் நான் பதில் எழுதணும். நான் கடலே பாத்ததில்ல சார். ஒருவாட்டி பாத்துட்டு எழுதலாம்னு வந்தேன்."

"எந்த ஆளுங்க?"

"கதையில சார்."

வாப்பா அடுத்துக் கேட்டது நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது. "படகுல எத்தினி பேரு? சரக்கு ஏத்தியிருக்கா?"

"ஆறு பேரு சார். சரக்கு இல்ல."

"அப்பறம் ஏன் வாயிலயே நிக்கிறாங்க? காலியா இருந்தா வடக்கால போயி, மேடு தாழ இருக்கிற எடத்துல ஆளுங்கள எறக்கி, தள்ளியே அந்தாண்ட கொண்டு போயிடலாமே! இது இன்னாம்மா, இது கூட எழுதலியா நீ?"

"அதுக்குப் பகடை போடணும் வாப்பா," என்றேன்.

"எடுத்துட்டு வா, போடலாம்."

அன்று மதியம் முன்னறைப் பாயில் நாங்கள் மூன்று பேரும் ஆடினோம். உம்மா தட்டு தட்டாக மீன் பொரித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். வாப்பா படகோட்டியானார். அவர் சொன்னபடி மணலில் படகைத் தள்ளினார்கள். இரண்டு தடவை பகடை சரியாக விழவில்லை. மூன்றாவது தடவை விழுந்தபோது வாப்பா பாயைக் கையால் அடித்து, "பாத்தியா! நான் சொல்லல?" என்று கத்தினார். வெயில் தாழ்ந்ததும் டேனியலைப் படகில் ஏற்றிக் கடல் காட்ட அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது டேனியலின் பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. "சத்தம் இவ்ளோ இருக்கும்னு நீங்க எழுதவேயில்லியே," என்று மட்டும் என்னிடம் சொன்னார். எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து நான் அந்த ஆட்டத்தை ஆடியது என் வாழ்க்கையில் அந்த ஒரு மதியம்தான்.

அவர் போன பிறகு வாப்பா என்னைக் கூப்பிட்டார். "அடுத்ததுல முழுப் பேரும் போடு. ரெண்டு எழுத்தப் போட்டுக்கினு, நம்ம அட்ரஸ்ல யாரோ ஆம்பள இருக்கான்னு ஊரே தேடி வரப்போவுது." அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

முழுப் பெயரைப் போட்டேன். அது எளிதாகப் போய்விடவில்லை. அதுவரை என் ஏரியைப் பற்றிக் கடுமையாகச் சண்டை போட்டவர்கள் திடீரென்று மரியாதையாக, மெதுவாக எழுத ஆரம்பித்தார்கள். கைக்குழந்தையிடம் பேசுவது போல இருந்தது. ஒருவர் என் பெயரையே குறிப்பிடுவதை நிறுத்திவிட்டார். சண்டை போட ஆள் இல்லாமல் போனது பேச ஆள் இல்லாமல் போனதைவிட வலித்தது. ஆனால் அயர்லாந்தில் டி.டபிள்யூ. என்று கையெழுத்திடும் ஒருவர் இருந்தார், கூட்டத்திலேயே முரட்டுத்தனமாக எழுதுகிறவர், என் விதிகளைக் கிழித்துப் போடுகிறவர். அடுத்த கட்டில் அவருடைய பக்கத்தில், என் பெயரை அழைத்து இரண்டே வரி இருந்தது. 'நானும் பெண்தான். இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.' அதற்கு அடுத்த வரியிலேயே, மணல் மேட்டில் படகு தள்ளும் என் விதி சுத்த அபத்தம் என்று ஆரம்பித்து அரைப் பக்கம் திட்டியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன்.

பிறகு கல்யாணம். உன் வாப்பா நல்லவர். இரண்டு தெரு தள்ளி ஹார்டுவேர் கடை. டைப்ரைட்டரை அவரே சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். "என் பொண்டாட்டிக்கு லண்டன்லேர்ந்து தபாலு வருது" என்று கடையில் சொல்லிப் பெருமைப்படுவார், ஆனால் ஒரு பக்கம் படித்ததில்லை. நீ தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு கட்டு வந்தது. முதல் பக்கத்தில் தொகுப்பாளர் எழுதியிருந்தார்: தபால் செலவு தாங்கவில்லை, எல்லோரிடமும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனிமேல் எல்லாம் இன்டர்நெட்டில், இது கடைசிக் காகிதக் கட்டு. அப்போது நம் ஊரில் கரண்டே ஒழுங்காக இருக்காது. நான் விலகவில்லை, இர்ஃபான். அவர்கள் எல்லோரும் இடம் மாறிப் போனார்கள், அந்த இடத்துக்கு எனக்குப் பஸ் இல்லை. அந்தக் கடைசிக் கட்டில் என்னிடம் கேட்ட கேள்விகள் நிறைய இருந்தன. ஒன்றுக்கும் பதில் எழுத முடியவில்லை.

நீ எனக்கு ஃபோன் வாங்கிக் கொடுத்ததும் முதலில் அவர்களைத்தான் தேடினேன். அந்த இன்டர்நெட் குழு ஆரம்பித்த சில வருடத்திலேயே ஓய்ந்துபோயிருந்தது. இப்போது இளம்பிள்ளைகள் மறுபடியும் காகிதத்தில், நகலெடுத்துப் பின் குத்தி, இந்த ஆட்டங்களுக்குச் சின்னச் சின்னப் பத்திரிகை போடுகிறார்களாம். படம் பார்த்தேன். அழகாக இருக்கிறது. யாரையும் எனக்குத் தெரியாது.

நீ கிளம்பிப் போன பிறகு வீடு மறுபடியும் அந்தப் பழைய மதியங்கள் மாதிரி ஆகிவிட்டது. உன் வாப்பா இருந்தவரைக்கும் கடையைப் பற்றியாவது பேசுவார். ஒருநாள் அந்தக் கடைசிக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னைக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதினேன். டைப்ரைட்டர் ஓடவில்லை, கையால்தான் எழுதினேன். ஏரியில் தண்ணீர் எப்படி இருக்கிறது, காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகம் வந்தபின் கடல் எங்கே கரையை அரிக்கிறது, என் வாப்பா எப்போது இறந்துபோனார், படகு தள்ளும் விதி ஏன் அபத்தம் இல்லை என்பதெல்லாம். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்துப் பின் குத்தி, கடைசிக் கட்டில் இருந்த எல்லா முகவரிக்கும் அனுப்பினேன். தபால் ஆபீஸில் இருக்கிற பெண் உறைகளைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஃபாரின்ல இவ்ளோ சொந்தக்காரங்களா?" என்றாள். "சொந்தம் இல்லம்மா, தெரிஞ்சவங்க," என்றேன்.

சில மாதம் கழித்து உறைகள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் வந்தது தங்கவயலுக்குப் போனது. அங்கே அப்படி ஒருவர் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. சுரங்கம் மூடியபின் அந்த ஊரிலிருந்து எத்தனையோ பேர் போய்விட்டார்கள், டேனியல் எங்கே போனார் என்று கேட்க எனக்கு ஆளில்லை. பிறகு இங்கிலாந்திலிருந்து சில, அமெரிக்காவிலிருந்து சில. ஆளில்லை, முகவரி மாறிவிட்டது, இறந்துவிட்டார். தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும்போது என்னைவிட அவருக்குத்தான் சங்கடம். எல்லாவற்றையும் மேஜைமேல் அடுக்கி வைத்திருக்கிறேன்.

அயர்லாந்துக்கு, டி.டபிள்யூ.வுக்குப் போனது மட்டும் இன்னும் திரும்பவில்லை. வழியில் தொலைந்திருக்கலாம். அந்த வீட்டில் வேறு யாராவது குடியிருந்து, திருப்பி அனுப்பச் சோம்பி, ஒரு மூலையில் போட்டிருக்கலாம். அதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஃபர்ஹானாவிடம் அந்த அறையில் இப்போதைக்குத் துணிமணி ஏதாவது வைத்துக்கொள்ளச் சொல். மலையைப் பிறகு வந்து பார்க்கிறேன். தபால்காரர் பதினோரு மணிவாக்கில் வருவார். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும்.

உன் உம்மா